ராயபுரத்துக் கடற்கரை எங்கே போயிற்று?

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் பஸ் நிறுத்தங்களில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். குழந்தை குட்டிகளோடு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் தெற்கே போகும் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். அம்மா கையில் தண்ணீர் பாட்டிலும் புளிச்சோற்றுப் பாத்திரமும் இருக்கும். பையன் கையில் ஒரு பந்து இருக்கும். "எங்கே புறப்பாடு?" என்று கேட்டால், "பீச்சுக்கு" என்று பதில் வரும்.

இதில் என்ன வேடிக்கை என்கிறீர்களா? அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால் கடல்! மெரினாவில் இருப்பதும் அதே வங்கக் கடல்தான். வீசுவதும் அதே உப்புக் காற்றுதான். இருந்தாலும் கடலைப் பார்க்கக் கடலோரத்து ஜனங்கள் பஸ் ஏறி ஆறு கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் போகிறார்கள்.

காரணம் இதுதான். வீட்டுக்கு அருகே கடல் இருக்கிறது, கரை இல்லை.

கல்லும் லாரியும்

காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் வரை போகும் விரைவுச் சாலையில் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். மறுபக்கம் பெரிய பெரிய கருங்கற்களைக் கொட்டி எழுப்பிய சுவர். கற்களுக்கு அப்பால் உடனே கடல். அலை வந்து கல்லில் மோதும். நுரை மேலே எழும்பும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் தோன்றிவிட்டால் தண்ணீர் கல்லைத் தாண்டிச் சாலைக்கே வந்துவிடும்.

அந்தக் கற்களின் மேல் நடை பழக முடியுமா? வயதானவர் கைத்தடியோடு உலாவ முடியுமா? குழந்தையை ஓடவிட்டு உட்கார முடியுமா? பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கினால் போச்சு!

இந்தக் கரை எப்போதும் இப்படி இருந்ததில்லை. கட்டுமரத்தை இழுத்து ஏற்றவும், வலையை விரித்து உலர்த்தவும், மீனைக் காயப் போடவும் இங்கே மணல் இருந்தது. மீனவர்களுக்கு மணல்தான் தொழிற்சாலை. குழந்தைகளுக்கு அதுதான் விளையாட்டு மைதானம். திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதியைத் தரிசிக்கப் போகிறவர்கள், உலகப் பற்றை விட்ட அந்த மகான் அலையோரத்து மணலைத் தேடி வந்து அமர்ந்தார் என்று சொல்லக் கேட்டிருப்பார்கள். இன்று அந்தக் கோயிலுக்கும் கடலுக்கும் இடையே லாரிச் சாலை போகிறது.

அப்படியானால் அந்த மணலெல்லாம் எங்கே போயிற்று?

துறைமுகம் வந்த கதை

ஒரு காலத்தில் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். பிரயாணிகளும் சரக்கும் மசூலாப் படகில் ஏறி, அலைகளில் தூக்கித் தூக்கிப் போடப்பட்டுக் கரைக்கு வந்து சேர வேண்டும். நனையாமல் வந்தவர் அதிர்ஷ்டசாலி. கவிழாமல் வந்தவர் அதைவிட அதிர்ஷ்டசாலி.

1861-ல் கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஓர் இரும்புப் பாலம் கட்டினார்கள். புயல்கள் அதையும் சேதப்படுத்தின. பிறகுதான் கடலுக்குள் கல் சுவர்களை எழுப்பி, நடுவே தண்ணீரை அமைதியாக்கி, கப்பல்களை உள்ளே நிறுத்துவது என்று தீர்மானித்தார்கள். திட்டம் போட்டவர் வில்லியம் பார்க்ஸ் என்ற என்ஜினியர். 1875 டிசம்பரில், பின்னால் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்து அடிக்கல் நாட்டினார்.

ஆறு வருஷம் வேலை நடந்தது. முடியப்போகிறது என்று இருந்த சமயத்தில், 1881 நவம்பர் 12-ந் தேதி புயல் அடித்தது. அலைகள் சுவர்களைச் சரித்துவிட்டன. கல் தூக்கும் ராட்சதக் கிரேன்களும் கடலில் போயின. திரும்பவும் கட்டினார்கள்.

புயலைச் சமாளித்தாகிவிட்டது. ஆனால் மணலைச் சமாளிக்க முடியவில்லை! துறைமுகத்தின் வாயில் முதலில் கிழக்கே பார்த்து இருந்தது. மணல் வந்து வந்து அந்த வாயிலை அடைத்தது. 1904-ல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயிலை மூடிவிட்டு, வடகிழக்கு மூலையில் புது வாயில் திறந்தார். (கணித மேதை இராமானுஜம் 1912-ல் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தாரே, அவருக்கு மேலதிகாரியாக இருந்து ஊக்கம் கொடுத்த அதே ஸ்பிரிங் துரைதான் இவர்.)

நடக்கும் மணல்

மணல் ஏன் இப்படித் துறைமுகத்தைத் தேடி வந்தது? மணல் ஓர் இடத்தில் கிடக்கும் பொருள் என்றுதான் நாம் நினைக்கிறோம். கடலோரத்து மணல் நடந்துகொண்டே இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. அடுத்த தடவை அலையோரம் நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். அலை நேராக வருவதில்லை. சற்றுச் சாய்வாக வந்து மணலைக் கரையில் ஏற்றுகிறது. திரும்பும்போது நேராக இறங்குகிறது. ஒவ்வொரு அலைக்கும் மணல் ஒரு முழமாவது பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. இப்படி ஓர் அலை, பத்து அலை அல்ல. இரவும் பகலும் ஓயாத அலை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் வடக்கே போகும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கே திரும்பும். தென்மேற்குக் காற்றுக் காலம் நீண்டது. ஆகவே வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், சோழமண்டலக் கரை முழுவதும் மணல் வடக்கு நோக்கிப் பிரயாணம் செய்கிறது. காவிரியும் பெண்ணையாறும் பாலாறும் கொண்டுவந்து கொட்டும் மணலும் அந்தப் பிரயாணத்தில் சேர்ந்துகொள்கிறது. வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர்!

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடியிலிருந்து சோறு பரிமாறிக்கொண்டு வருகிறார்கள். நடுப்பந்தியில் ஒருவர் எழுந்து குறுக்கே நின்று மறித்துக்கொண்டால் என்ன ஆகும்? இந்தப் பக்கம் இலையில் சோறு மலை போல் குவியும். அந்தப் பக்கம் இலை காய்ந்து கிடக்கும். துறைமுகத்தின் கல் சுவர் கடலுக்குள் நீண்டு நின்று செய்த காரியம் இதுதான். தெற்கேயிருந்து வந்த மணல் சுவரில் முட்டி, அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே ராயபுரத்துக்குப் போக வேண்டிய பங்கு போகவில்லை. ஆனால் அங்கே அலை ஓயவில்லையே! வழக்கம்போல் அது இருந்த மணலை எடுத்து வடக்கே தள்ளிக்கொண்டே இருந்தது. வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. எந்தக் குடும்பம்தான் தாங்கும்?

மெரினா பிறந்தது

தெற்கே நடந்ததைத் தெரிந்துகொள்ள ஐஸ் ஹவுஸைப் பார்த்தால் போதும். இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றிருக்கும் அந்த வட்டக் கட்டடம் 1842-ல் கட்டப்பட்டது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்து, டியூடர் என்ற வியாபாரி கப்பலில் அனுப்புவார். படகிலிருந்து இறக்கியதும் உருகாமல் உள்ளே கொண்டுபோக வேண்டும் என்பதற்காகவே கடலுக்குப் பக்கத்தில் கட்டினார்கள். இன்று அந்த வாசலில் நின்று கடலைப் பாருங்கள். சாலையைக் கடந்து, மணலில் கால் புதையப் புதைய நடந்து, சுண்டல் பொட்டலம் ஒன்று தீர்ந்த பிறகுதான் அலை காலைத் தொடும். கட்டடம் நகரவில்லை. கடல்தான் விலகிப் போயிற்று.

அதற்கு முன் அங்கே இருந்தது சேறும் சகதியுமான ஒரு சிறு கரைதான். 1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டப் துரை 1884-ல் அந்தக் கரையோரம் உலாவும் சாலை ஒன்று அமைத்து, 'மெரினா' என்று பெயர் வைத்தார். இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவில் பலெர்மோ என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர்க் கடற்கரையின் நினைவாக வைத்த பெயர் அது.

ஆக, மெரினா இயற்கையும் மனிதனும் சேர்ந்து செய்த கடற்கரை. அதன் அகலத்தில் ராயபுரத்துக்குப் போக வேண்டிய மணலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போகும் வடசென்னை ஜனங்கள் தங்களுக்கு வர வேண்டியிருந்த மணலில்தான் போய் உட்காருகிறார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை!

வடக்கே போனது எவ்வளவு? 1876-க்கும் 1975-க்கும் இடையே ராயபுரம் பக்கத்தில் சுமார் 500 மீட்டர் அகலத்துக்குக் கரை கடலில் போயிற்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1978-க்கும் 1995-க்கும் இடையே மேலும் 200 மீட்டர் போயிற்றாம். 500 மீட்டர் என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் நடக்கும் தூரம். தெருக்கள், குடிசைகள், தென்னைகள், கோயில்கள் எல்லாம் அந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடும். குப்பத்து ஜனங்கள் பின்னால் தள்ளிப் போய்ப் போய், கடைசியில் தள்ளிப் போகவும் இடமில்லாமல் நின்றார்கள். பின்னால் ஊரும், ரெயில் பாதையும், தொழிற்சாலையும் இருந்தன. 2004 டிசம்பரில் சுனாமி வந்த பிறகு பலருக்கு எர்ணாவூரில் அடுக்கு வீடுகள் கிடைத்தன. வீடு கிடைத்தது சந்தோஷம்தான். ஆனால் மாடி வீட்டிலிருந்து கடலின் நிறத்தைப் பார்த்து, இன்று வலை போடலாமா என்று தீர்மானிக்க முடியுமா?

பாதை தானாக இருக்காது

ஜனங்கள் காசில்லாமல் நடந்து காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்றால், யாராவது அதைத் தினமும் பேணிக்கொண்டிருக்க வேண்டும். உலகம் முழுவதும் இதுதான் வழக்கம்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், மெத்தோ பள்ளத்தாக்கு என்று ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே இடுப்பளவு பனி விழும். விட்டுவிட்டால் அடி எடுத்து வைக்க முடியாது. ஆனால் அங்கே 200 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஜனங்கள் காலில் சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு உலாவப் பனிப் பாதைகள் இருக்கின்றன! உருளையும் சீப்பும் பூட்டிய வண்டிகள் பனியை அமுக்கிச் சமன் செய்து, பலகை போவதற்கு இரட்டைக் கோடு போட்டுவிடுகின்றன. புதுப் பனி விழுந்தால் திரும்பவும் முதலிலிருந்து வேலை. பண்ணைக்காரர்கள் பலர் தங்கள் சொந்த நிலத்தின் வழியாகவே பாதைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மெரினாவில் பனி இல்லை, மணல் இருக்கிறது. அதையும் இப்படித்தான் வாருகிறார்கள். மாநகராட்சித் தொழிலாளர்கள் துடைப்பமும் கூடையுமாக இறங்குகிறார்கள். மணலைச் சலித்துக் குப்பையைப் பிரிக்கும் இயந்திரங்களும் ஓடுகின்றன. சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் அலையைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைப் பாதை ஒன்று போட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் 'மாண்டஸ்' புயல் வந்து அதன் முனையைப் பெயர்த்துவிட்டது. சும்மா விடவில்லை, பழுதுபார்த்துத் திரும்பத் திறந்தார்கள். நல்ல காரியம். கடலைக் கண்ணால் பார்க்கும் ஆசை கால் இல்லாதவருக்கும் உண்டு.

வடக்கேயும் அரசாங்கம் பணம் செலவழிக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே செலவு கல்லுக்குப் போகிறது. கொட்டிய கல் அலையில் சரியும். சரிந்த இடத்தில் மேலும் கொட்ட வேண்டும். உலாவும் பாதைக்கான செலவு வேறு. ஊரைக் காப்பாற்றும் சுவருக்கான செலவு வேறு. மெரினாவில் 1959-ல் வைத்த உழைப்பாளர் சிலையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான்கு தொழிலாளிகள் பாறையைப் புரட்டுகிறார்கள். வடசென்னையிலிருந்து வந்த தொழிலாளி குடும்பத்தோடு அந்தச் சிலைக்குக் கீழே நிற்கும்போது, தன் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் பாறைகள் அவருக்கு ஞாபகம் வராமல் இருக்குமா?

காலாற நடக்க இந்தப் பக்கத்தில் இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா இருக்கிறது. 1949 செப்டம்பர் 18-ந் தேதி, கொட்டும் மழையில், தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம் அதுதான். இப்போது அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர். ஆனால் லட்சக்கணக்கான ஜனங்களுக்கு ஒரு பூங்கா எந்த மூலைக்கு?

கரை திரும்பி வருமா?

வரும் என்பதற்கு வடசென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 2004-ஐ ஒட்டி, சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களின் ஆலோசனைப்படி ராயபுரத்துக்கு வடக்கே பத்துக் கல் சுவர்களைக் கடலுக்குள் நீட்டிக் கட்டினார்கள். மீனவர்கள் இவற்றைத் 'தூண்டில் வளைவு' என்கிறார்கள். வடக்கே போகும் கொஞ்ச நஞ்ச மணலை இந்தச் சுவர்கள் தடுத்து நிறுத்திச் சேர்த்து வைக்கின்றன. சுவருக்கும் சுவருக்கும் நடுவே பல இடங்களில் மணல் தலைகாட்டியது. படகை இழுத்து ஏற்ற இடம் கிடைத்தது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. தூண்டில் வளைவும் குறுக்கே நிற்கும் சுவர்தானே? இங்கே மணலை நிறுத்தினால், அடுத்த குப்பத்துக்கு வரவு குறையும். அங்கேயும் ஒரு சுவர் கேட்பார்கள். அதற்கடுத்த ஊரும் கேட்கும். சுவர் முடிகிற இடத்தில் இருக்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

மறித்த மணலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிடுவது இன்னொரு வழி. விசாகப்பட்டினத்தில் வெளித்துறைமுகம் கட்டியபோது தென்புறத்தில் மணல் வந்து விழுவதற்கென்றே ஒரு பள்ளம் ஏற்பாடு செய்தார்கள். அதில் சேருவதைத் தூர்வாரி, வடக்கே ஊர் ஜனங்கள் உலாவும் கடற்கரையில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். பந்தியில் மறித்து நின்றவரே கரண்டி எடுத்துப் பரிமாறுவது போல!

புதுச்சேரியின் கதை இன்னும் சுவாரசியமானது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகச் சுவர்கள் எழுந்தன. அப்புறம் அந்த ஊரின் அழகான கடற்கரையும் கரைந்து, காந்தி சிலைக்கு எதிரே வெறும் கருங்கல்தான் மிஞ்சியது. 'பீச்' என்று சொல்லிக் கல்லைக் காட்டும் நிலைமை ஏற்பட்டது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்து விஞ்ஞானிகள் 2018-ஐ ஒட்டித் தண்ணீருக்கு அடியில், வெளியே தெரியாதபடி, ஆப்பு வடிவத்தில் ஓர் இரும்புத் திட்டை இறக்கினார்கள். அலையின் வேகம் அதில் மோதிக் குறைந்தது. வேகம் குறைந்த அலை மணலைக் கீழே போட்டது. முப்பது வருஷமாக மணலையே காணாத இடத்தில் குழந்தைகள் மணல் வீடு கட்டினார்கள்.

வடசென்னையில் இது நடக்குமா என்றால், இங்கே கணக்கு இன்னும் கடினம். புதுச்சேரித் துறைமுகம் சின்னது; சென்னைத் துறைமுகத்தின் கை கடலுக்குள் வெகுதூரம் நீண்டு நிற்கிறது. துறைமுகத்தை எடுத்துவிடு என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆயிரக்கணக்கான வடசென்னைக் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. 2024-ல் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில் பல ஆயிரம் கோடி ரூபாய்க்கு வேலைகள் அறிவிக்கப்பட்டன. கட்டடத்துக்கும் சாலைக்கும் பணம் ஒதுக்கினால் வேலை ஒரு நாள் முடிந்துவிடும். கடற்கரைக்கு அப்படி இல்லை. வருஷா வருஷம் மணல் போட வேண்டும். மெரினாவைத் தினமும் வாருகிறவர்களுக்கும், மெத்தோவில் பனியை உருட்டுகிறவர்களுக்கும் இது தெரிந்த விஷயம்.

இதற்கிடையில் 2025 மே மாதம் திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் திறக்கப்பட்டது. காசிமேட்டில் நெருக்கியடித்து நின்ற படகுகளுக்கு இடம் கிடைத்தது. நீண்ட நாள் கேட்டுப் பெற்ற துறைமுகம். அதன் சுவர்களும் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. அதற்கு வடக்கே எர்ணாவூர்க் குப்பங்களும், நெட்டுக்குப்பமும், எண்ணூர்த் தாழங்குப்பமும் இருக்கின்றன. ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார்கள் படகு விடவும் காற்று வாங்கவும் தேடிப்போன எண்ணூர் அது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அதன் கழிமுகம் முழுவதும் எண்ணெய் படர்ந்து, வலையும் படகும் கறுத்துப்போயின. அந்தக் குப்பங்களில் இருப்பவர்கள் ஒவ்வொரு வாடைக்காலம் முடிந்ததும் வீட்டு வாசலிலிருந்து அலை வரைக்கும் எத்தனை அடி என்று எண்ணிப் பார்க்கிறார்கள்.